சிங்கப்பூரில் பேய்க்கதைகளைத் தேடிப் போவது எப்படி? கதை முதல் களம் வரை ஒரு முழு வழிகாட்டி

இந்த ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை மூன்று பக்கமிருந்தும் வரும். பாட்டி முனியைப் பற்றிச் சொல்வார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவியான பொந்தியானாக்கைப் பற்றிச் சொல்வார். தேசிய சேவை முடித்து வந்த அண்ணன் ராணுவப் பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவில் நடந்ததைச் சொல்வார். கேட்டதோடு நிற்காமல், கதை நடந்ததாகச் சொல்லும் இடத்துக்கே போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பேய் உண்டா இல்லையா என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பேய்க்கதை ஒன்றைக் கிளறினால் அடியில் இறந்துபோன ஒருவரோ, ஊர் மறந்துவிட்ட ஒரு சம்பவமோ அடிக்கடி கிடைக்கும். இன்று பீஷான் என்று சொல்லும் வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் பெக் சான் தெங் என்ற பெரிய சீன இடுகாடு. ஆர்ச்சர்ட் சாலையில் நீ ஆன் சிட்டி நிற்கும் நிலமும் பழைய தியோச்சூ இடுகாடுதான். எலும்புகளை எடுத்துக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்துவிட்டார்கள், கற்கள் போய்விட்டன, வரைபடமும் மாறிவிட்டது. பீஷான் எம்ஆர்டி நிலையத்தைப் பற்றிய கதைகள் மட்டும் இன்னும் அங்கேயே நிற்கின்றன. பேய் தேடுவது என்றால் அந்தக் கதையின் வேரைத் தேடுவதுதான் என்பது என் எண்ணம். அதனால் இந்த வழிகாட்டியில் கதை முதலில் வரும், பிறகு ஆவணம், பிறகு பகல். இரவு கடைசியில்தான்.

1. ஒரு கதையைப் பிடியுங்கள்

"பயமான இடம் எது?" என்று தேடினால் எல்லாருக்கும் கிடைக்கும் அதே பத்து இடங்கள்தான் உங்களுக்கும் கிடைக்கும். அதைவிட, வயதான ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பு, ரயில்வே குவாட்டர்ஸ், செம்பவாங் கடற்படைத் தளம், ரப்பர் தோட்டம் என்று இடம் இடமாக வாழ்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. "பேய் பார்த்திருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். "அந்தக் காலத்துல ராத்திரி எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லுவாங்க பாட்டி?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் தானாகத் திறக்கும்.

கேட்கும்போது நான்கு விவரங்களை விடாதீர்கள். எந்த இடம், எந்தக் காலம், அவரே பார்த்ததா கேட்டதா, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது. கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் பெரும்பாலும் புதையல் இருக்கும். "அங்கே ஒரு பெரிய மரம், அதுக்குக் கீழே சூலம் நட்டிருந்தாங்க" என்று ஒருவர் சொன்னால், அது ஒரு காவல் தெய்வத்தின் இடம் என்று புரிந்துகொள்ளலாம். குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் இன்று கோபுரத்தோடு நிற்கும் முனீஸ்வரன் கோயிலும் ரயில்வே தொழிலாளர்கள் சின்னக் கொட்டகையில் வைத்துக் கும்பிட்டதில் தொடங்கியதுதான். பயத்துக்கும் பக்திக்கும் நடுவே முனி நிற்கிறார். ஒரு குடும்பத்தில் அவர் பேயாக வருவார், அடுத்த குடும்பத்தில் காவலாக நிற்பார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

2. ஆவணத்தில் தேடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான்.

தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள் மின்வடிவில் கிடக்கின்றன. 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் இருக்கிறது, 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் இருக்கிறது. இடத்தின் பழைய பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் காலத்துக்குக் காலம் மாறியிருக்கும், இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள். அடுத்து தேசிய ஆவணக் காப்பகம். அதன் வாய்மொழி வரலாற்றுத் திட்டம் 1979இல் தொடங்கியது. தமிழிலேயே பதிவான நேர்காணல்களும் அதில் உண்டு, ஜப்பானியர் காலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். பழைய வரைபடங்களும் அங்கே கிடைக்கும். இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டால், நீங்கள் கேட்ட "பெரிய மரம்" இருந்த இடம் இடுகாடா, தோட்டமா, முகாமா என்று தெரிந்துவிடும். நேரில் போக விரும்பினால் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகம் போதும். விவரம் கேட்டால் அங்கே பொறுமையாக உதவுவார்கள்.

ஆவணம் என்ன தரும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிட்டி ஹால் எம்ஆர்டி வாசலில் வெள்ளைவெளேர் என்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆனால் அதே இடத்தில் முன்பு இருந்த தேவாலயத்தின்மேல் 1845இலும் 1849இலும் இடி விழுந்தது. 1852இல் பாதுகாப்பில்லை என்று அதை மூடிவிட்டார்கள். வழிபாடு வேறு கட்டடத்துக்குப் போனதும் ஊருக்குள் பேச்சு கிளம்பியது. தேவாலயத்தில் கெட்ட ஆவிகள் புகுந்துவிட்டன, அவற்றைச் சாந்தப்படுத்த மனிதத் தலைகள் வேண்டுமாம், அதற்காக அரசாங்கம் கைதிகளை இரவில் தலை வெட்ட அனுப்புகிறதாம். மக்கள் இருட்டியபின் வெளியே வரவே அஞ்சினார்கள்.

அந்தக் கைதிகள் யார்? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். 1825இல் சுமத்ராவில் உள்ள பென்கூலனிலிருந்து முதல் கூட்டம் வந்தது, 1873இல் அந்தச் சிறை அமைப்பே கலைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சாலை போட்டதும் கட்டடம் எழுப்பியதும் பெருமளவுக்கு அவர்கள்தான். ஆவி புகுந்ததாகச் சொன்ன தேவாலயத்தை 1855இல் இடித்தபின் புதியதைக் கட்டியவர்களும் அவர்களே. அதன் சுவரில் பூசியது நம்மூர்ச் சுண்ணாம்புச் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். தலைவெட்டிகள் என்று ஊர் நடுங்கிய மனிதர்களின் கைவேலை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. இந்தக் கதை தெரிந்தபின் அந்த வளாகத்தில் ஒரு மாலை நின்று பாருங்கள். எந்தக் கருவியும் தேவைப்படாது.

ஆவணம் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். பயம் எப்போதும் உண்மையைப் பின்தொடர்ந்து போவதில்லை, காலியான கட்டடத்தைப் பின்தொடர்கிறது. இளைஞர்கள் வேலி ஏறிக் குதிக்கத் துடிக்கும் பழைய சாங்கி மருத்துவமனை 1930களில் ராணுவத் தளத்துக்காகக் கட்டப்பட்டது. 1997இல் மூடியபின் சுவரில் பாசி ஏறியது, கதையும் ஏறியது. ஜப்பானிய ராணுவக் காவல்துறையான கெம்பெய்த்தாய் மக்களைச் சித்திரவதை செய்ததாக உறுதியாகப் பதிவான இடமோ நகரின் நடுவில் இருந்தது. ஆர்ச்சர்ட் சாலை தொடங்கும் இடத்தில் இருந்த பழைய ஒய்எம்சிஏ கட்டடம் அது. அதை 1980களின் தொடக்கத்தில் இடித்து, அதே இடத்தில் இன்றைய ஒய்எம்சிஏவைக் கட்டினார்கள். டோபி காட் நிலையத்திலிருந்து பபிள் டீயோடு தினமும் எத்தனை பேர் அதைக் கடந்து போகிறார்கள்!

3. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

போகக் கூடாத இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலி போட்டு, அறிவிப்புப் பலகை வைத்த அரசு நிலமும் காலிக் கட்டடங்களும் வேண்டாம். பழைய சாங்கி மருத்துவமனையும் இதில் சேரும். அத்துமீறி நுழைவது இங்கே குற்றம், அதோடு உள்ளே தளம் எப்போது இடியும் என்று யாருக்கும் தெரியாது. தெக்கோங் தீவு ராணுவப் பகுதி, நினைக்கவே வேண்டாம். அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் 1942 பிப்ரவரி 14 அன்று ஜப்பானியப் படையினர் நோயாளிகளையும் ஊழியர்களையும் கொன்று குவித்தது வரலாறு. ஆனால் இன்று அது நோயாளிகள் படுத்திருக்கும் மருத்துவமனை, அங்கே பேய் தேடிப் போவது மனிதத்தனம் ஆகாது. அதேபோல அண்மைக்காலத்தில் கொலையோ தற்கொலையோ நடந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளும் வேண்டாம். அந்தக் குடும்பங்கள் இன்னும் இங்கேதான் வாழ்கின்றன.

இனி போகக்கூடியவை. முதல் முறை போகிறவர்களுக்கு ஃபோர்ட் கேனிங் மலையைத்தான் நான் சொல்வேன். பாதை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, அடியில் எம்ஆர்டி இருக்கிறது, கதையோ எழுநூறு ஆண்டு ஆழம். பழைய மலாய் மன்னர்கள் வாழ்ந்து புதைந்த மலை என்பதால் அதை விலக்கப்பட்ட மலை என்று மக்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1819இல் பிரிட்டிஷ் அதிகாரி ஃபார்குவார் அதில் ஏற நினைத்தபோது, உள்ளூர் மலாய்த் தலைவரான தெமெங்கோங்கின் ஆட்கள் கூட வர மறுத்துவிட்டார்கள். மேலே யாருமே இல்லாமல் முரசுச் சத்தமும் நூற்றுக்கணக்கானவர்கள் கூச்சலிடும் ஓசையும் கேட்கிறதாம். கடைசியில் மலாக்காவிலிருந்து வந்த ஆட்கள் பீரங்கியை மேலே இழுத்துப் போய் வெடித்தார்கள். இதை எழுதிவைத்தவர் மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, தமிழும் நன்றாகக் கற்றவர். 1928இல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது அதே மலையில் 14ஆம் நூற்றாண்டுத் தங்க நகைகள் கிடைத்தன. 1984இலிருந்து நடந்த அகழாய்வுகள் அங்கே அரண்மனைக் கால வாழ்க்கை இருந்ததை உறுதிப்படுத்தின. ஆக, "மேலே மன்னர்கள் இருக்கிறார்கள்" என்று பயந்தவர்கள் வரலாற்றைத்தான் பயத்தின் வடிவில் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

அதே மலையில் பழைய மன்னர் இஸ்கந்தர் ஷாவின் கெராமாட் (மலாய் மக்கள் புனிதமாகக் கருதும் சமாதி) இருக்கிறது, 1865 வரை இயங்கிய கிறிஸ்துவ இடுகாட்டின் கல்வெட்டுகள் சுவரில் பதித்து வைத்திருக்கிறார்கள், 1942 பிப்ரவரி 15 காலையில் சரணடைவதென்று பிரிட்டிஷ் படைத்தளபதி பெர்சிவல் முடிவெடுத்த சுரங்க அறையும் அங்கேதான். மூன்று காலத்து மரணம் ஒரே மலையில். கீழே தேசிய அரும்பொருளகத்தில் சிங்கப்பூர்க் கல்லின் துண்டைப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள். பலசாலி படாங் தூக்கி எறிந்த பாறை என்று மலாய்க் கதை சொல்லும் அந்தக் கல்லை 1843இல் ஆங்கிலேயர்கள் வெடிவைத்து உடைத்தார்கள். மிஞ்சிய துண்டில் உள்ள எழுத்தை இன்றுவரை யாரும் முழுதாகப் படித்துச் சொல்லவில்லை.

அடுத்து புக்கிட் பிரவுன். 1922இல் திறந்து 1973இல் மூடிய சீன இடுகாடு, ஏறத்தாழ ஒரு லட்சம் கல்லறைகள். இப்போது காடாகிவிட்டது. சாலை போடுவதற்காக 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்ததும், பிறகு லோர்னி நெடுஞ்சாலை வந்ததும் பலருக்கு நினைவிருக்கும். சில கல்லறைகளின் இருபுறமும் தலைப்பாகையும் தாடியுமாகச் சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கும். உயிரோடு இருந்தபோது வீட்டு வாசலில் சீக்கியக் காவலர் வைத்திருந்த செல்வர்கள், இறந்தபின்னும் காவல் வேண்டும் என்று செதுக்கி வைத்தவை. டார்ச் வெளிச்சத்தில் திடீரென்று அந்த முகம் தெரிந்தால் நெஞ்சு ஒரு நொடி நின்றுவிடும். இங்கே முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். தொண்டூழியர்கள் பகலில் வழிநடத்திக் கூட்டிப் போகும் நடைகள் உண்டு, அதில் சேர்ந்து போங்கள்.

புலாவ் உபினில் இருக்கும் ஜெர்மன் பெண் கோயில் வேறு மாதிரி. முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல், தீவிலிருந்த ஜெர்மானியத் தோட்டக் குடும்பத்தைப் பிரிட்டிஷார் பிடிக்க வந்தபோது மகள் பயந்து ஓடிப் பள்ளத்தில் விழுந்து இறந்தாள் என்பது கதை. தீவுவாசிகள் அவளைத் தெய்வமாக்கிவிட்டார்கள். வாசனைத் திரவியம், சீப்பு, கண்ணாடி, நகப்பூச்சு படைக்கிறார்கள். பார்பி பொம்மை ஒன்று சாமியாக நிற்கிறது. அகால மரணமடைந்த கன்னிப்பெண்ணுக்குச் சேலையும் வளையலும் வைத்துக் கும்பிடும் நம் கன்னித்தெய்வ வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகவே தெரியாது. சாங்கி பாயிண்ட்டிலிருந்து பம்போட் என்ற சின்னப் படகில் ஏற வேண்டும். 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். மாலைக்குள் திரும்பிவிடுங்கள், இருட்டினால் படகு கிடைப்பது கஷ்டம்.

இவை தவிர கிராஞ்சி போர் நினைவிடம், ஹவ்காங்கில் உள்ள ஜப்பானிய இடுகாட்டுப் பூங்கா, பிடாடாரி நினைவுத் தோட்டம், பழைய ரயில் பாதை ஆகியவையும் நல்ல களங்கள். கிராஞ்சிச் சுவரில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். இந்தியப் படைவீரர்களின் பெயர்களையும் அதில் தேடிப் படியுங்கள்.

4. பகலில் ஒரு முறை

பகலில் பார்க்காத இடத்துக்கு இரவில் போகவே கூடாது. எங்கே படி உடைந்திருக்கிறது, எங்கே குழி, எந்த மரத்தில் குளவிக்கூடு, எந்த இடத்தில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை என்று பகலில்தான் தெரியும். மூடும் நேரத்தைப் பலகையில் படித்துக்கொள்ளுங்கள். எங்கே நின்று கவனிக்கப் போகிறீர்களோ, அந்த இடத்தைப் பகலிலேயே படம் எடுத்து வையுங்கள். இரவில் "இந்தக் கை மாதிரி இருக்கிறதே" என்று தோன்றுவது பகல் படத்தில் ஒரு முறிந்த கிளையாக இருக்கும்.

5. ஆட்களும் பையும்

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. இரண்டிரண்டு பேராகப் பிரியலாம், ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் பக்கத்தில் இருக்க, இருவர் உதவிக்குப் போகலாம். எல்லாவற்றையும் நம்புகிற ஒருவரும் எதையும் நம்பாத ஒருவரும் குழுவில் இருப்பது நல்லது. பயமுறுத்தி விளையாடுகிறவரை மட்டும் தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். இருட்டில் ஒரு பொய்க் கத்தல் போதும், கால் முறியும்.

பையில் தலையில் மாட்டும் விளக்கு, ஆளுக்கொரு டார்ச், மாற்று பேட்டரி, தண்ணீர், கொசு மருந்து, முதலுதவி, நோட்டும் பென்சிலும், ஒரு ஒலிப்பதிவுக் கருவி. முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் கட்டாயம். டெங்கி இந்த ஊரில் எந்தப் பேயையும்விட நிச்சயமான ஆபத்து. கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.

6. மரியாதை

சீனர்களின் ஏழாம் மாதத்தில், பெரும்பாலும் ஆகஸ்ட் செப்டம்பரில், சாலையோரம் ஊதுபத்தியும் படையலும் வைத்திருப்பார்கள். மிதிக்காதீர்கள், படம் எடுக்கக் குனிந்து நகர்த்தாதீர்கள். கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடை முன் காலியாக விட்ட முதல் வரிசை நாற்காலிகள் ஆவிகளுக்கு, உட்காராதீர்கள். அந்த மாதம் முழுக்க இடுகாட்டுப் பக்கம் தேடலுக்குப் போகாமல் இருப்பது என் பழக்கம். அங்கே வருகிறவர்கள் தங்கள் தாய் தகப்பனுக்காக வருகிறார்கள், அவர்கள் நடுவே நாம் கேமராவோடு நிற்பது அழகில்லை.

கெராமாட்டில் மஞ்சள் துணி போர்த்தியிருந்தால் தொடாதீர்கள். காலணியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தி, யாராவது இருந்தால் சலாம் சொல்லி அனுமதி கேளுங்கள். கல்லறைமேல் ஏறி நிற்பதும் அதில் பையை வைப்பதும் வேண்டாம். ஒரு கல்லையும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். ஆவி அழைக்கும் பலகை விளையாட்டுகளை நான் யாருக்கும் சொல்லித்தர மாட்டேன். அடுத்தவர் மூதாதையரின் ஓய்விடத்தில் அது அத்துமீறல்.

நம் வீட்டு வழக்கங்களையும் வெட்கப்படாமல் கடைப்பிடிக்கலாம். இரவில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கத்தாமல் இருப்பது, திரும்பியதும் கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைவது, திருநீறு பூசிக்கொள்வது. மனம் அமைதியாக இருந்தால் கண்ணும் காதும் ஒழுங்காக வேலை செய்யும்.

7. இரவில் என்ன செய்வது

இருட்டும் முன்பே போய்ச் சேருங்கள். வெளிச்சம் மெல்லக் குறைவதோடு கண்ணும் பழகிவிடும். இடத்தை அடைந்ததும் முதல் அரைமணி நேரம் எதையும் "தேடாமல்" வழக்கமான ஒலிகளைப் பட்டியலிடுங்கள். தூரத்துச் சாலை இரைச்சல், விமானம், சில்வண்டு, குளிரூட்டி. இந்தப் பட்டியல்தான் பிறகு வரும் எல்லாவற்றுக்கும் அளவுகோல்.

பிறகு விளக்கை அணைத்து இருபது நிமிடம் பேசாமல் உட்காருங்கள். யாருக்காவது ஏதாவது கேட்டாலோ பட்டாலோ, கத்தக் கூடாது, நேரத்தைக் குறித்துத் தன் நோட்டில் எழுத வேண்டும். இருபது நிமிடம் முடிந்ததும் பேசாமலே நோட்டுகளை மாற்றிப் படியுங்கள். "உனக்கும் கேட்டதா?" என்று கேட்டுவிட்டால் எல்லாருக்கும் கேட்டதாகிவிடும். தனித்தனியாக எழுதிய இருவர் ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் குறித்திருந்தால்தான் அது கவனிக்கத்தக்கது. குழுவில் இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தால் போதும், உங்கள் பதிவின் மதிப்பு பல மடங்கு உயரும்.

8. கேட்டது எது, தெரிந்தது எது

டக், டக், டக் என்று யாரோ மரத்தைத் தட்டுவது போல விடாமல் கேட்டால் அது பக்கி என்ற இராப்பறவையாக இருக்கலாம். இடுகாடுகளின் திறந்த வெளி அதற்குப் பிடித்த இடம். டார்ச் பட்டால் அதன் கண் சிவப்பாக ஒளிரும், தரையிலிருந்து இரண்டு சிவப்புப் பொட்டுகள் உங்களைப் பார்க்கும். குழந்தை அழுவது போல இருந்தால் பூனைச் சண்டையா என்று முதலில் பாருங்கள். பொந்தியானாக்கின் அழுகை உரக்கக் கேட்டால் அது தூரத்தில் இருக்கிறது, மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டது என்று மலாய் நம்பிக்கை சொல்லும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கதையின் பகுதி அது.

திடீரென்று பூவாசம் வந்தால் பொந்தியானாக் என்பார்கள். இங்கே இடுகாடுகளில் பரவலாக நட்டிருப்பது ஈழத்தலரி, மலாயில் கெம்போஜா. அதன் மணம் இரவில்தான் ஓங்கும். அந்திப்பூச்சிகளை மணத்தால் இழுக்கும், ஆனால் பூவில் தேன் இருக்காது. பாண்டான் இலை வாசம் வந்தால் மேலே மரத்தைப் பாருங்கள், மரநாய் போயிருக்கும், அதன் உடல் மணமே அப்படி. காட்டோரத்தில் ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரித்த துணி போல ஏதோ சத்தமில்லாமல் மிதந்து போனால், அது கொலுகோ என்ற சறுக்கும் விலங்கு. மழைக்குப் பின் அழுகிய கட்டையில் பச்சை மினுக்கம் தெரிந்தால் ஒளிரும் காளான். இத்தனையும் இந்த நகரத்தின் நடுவே இருக்கின்றன என்பதே எனக்குப் பேரதிசயம்.

கருவிகளைப் பற்றி: படத்தில் வெள்ளை வட்டங்கள் மிதந்தால், அவை பிளாஷ் வெளிச்சம் பட்ட தூசியும் நீர்த்துளியும்தான். நம் ஊர் ஈரக்காற்றில் எப்போதும் வரும். பிளாஷ் இல்லாமல் மறுபடி எடுங்கள். மின்காந்த அளவி நிலத்தடி மின்கம்பிக்கும் எம்ஆர்டி பாதைக்கும் உங்கள் கைப்பேசிக்கும் துள்ளும். அகச்சிவப்பு வெப்பமானி காற்றை அளப்பதில்லை, எதிரே உள்ள பரப்பைத்தான் அளக்கும், அதை வைத்துக் "குளிர்ந்த இடம்" என்று சொல்ல முடியாது. ஒலிப்பதிவில் முணுமுணுப்புக் கேட்டால், அங்கே இல்லாத ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் கேட்கக் கொடுங்கள். என்ன சொல்கிறது என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதுதான் அவருக்கும் கேட்கும்.

காரணமே இல்லாமல் நெஞ்சு கனத்து, ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் அசைவது போல இருந்தால், சுற்றிலும் பெரிய காற்றுப்போக்கி விசிறி இருக்கிறதா என்று தேடுங்கள். இங்கிலாந்தின் விக் டேண்டி என்ற பொறியாளர் தன் ஆய்வுக்கூடத்தில் இதே போன்ற உருவத்தைப் பார்த்தார். விசிறி ஒன்று எழுப்பிய, காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அதிர்வுதான் காரணம் என்று 1998இல் எழுதினார். சுரங்க ரயில் ஓடும் ஊரில் இது கவனிக்க வேண்டிய செய்தி.

இத்தனை சல்லடையிலும் தங்கிவிடுகிற ஒன்றிரண்டு அனுபவங்கள் வரும். அவற்றை விளக்கம் இல்லாமலே, நடந்தபடி எழுதி வையுங்கள். இழுத்துப் பிடித்து விளக்கவும் வேண்டாம், மசாலா சேர்க்கவும் வேண்டாம்.

9. உடனே கிளம்ப வேண்டிய நேரம்

இடி கேட்டால் கிளம்புங்கள். திறந்த மலையிலும் மரத்தடியிலும் நிற்கக் கூடாது. காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் ஓடாமல், பிளாஷ் அடிக்காமல், மெல்லப் பின்வாங்குங்கள். குழுவில் ஒருவர் நடுங்கினாலோ, "போகலாம்" என்று சொன்னாலோ, கேள்வி கேட்காமல் எல்லாரும் திரும்ப வேண்டும். அவரை வெளிச்சத்துக்குக் கூட்டி வந்து தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள். கேலி கூடாது. மயக்கமோ காயமோ என்றால் 995, வேறு ஆபத்து என்றால் 999. காவலர் வந்து விசாரித்தால் செய்ததை அப்படியே சொல்லுங்கள்.

10. எழுதி வையுங்கள்

மறுநாளே எழுதிவிடுங்கள், ஒரு வாரம் தள்ளினால் நினைவு அலங்காரம் செய்யத் தொடங்கிவிடும். ஒரு பக்கத்தில் கேட்ட கதை, அடுத்ததில் ஆவணம் சொல்வது, மூன்றாவதில் அன்றிரவு நோட்டில் இருந்தது. மூன்றையும் கலக்காதீர்கள். கல்லறையில் உள்ள பெயரை வெளியிடும் முன் யோசியுங்கள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். மறைவான சின்னக் கோயில்களின் சரியான இடத்தை இணையத்தில் போட்டால் அடுத்த வாரமே கூட்டம் போய்ச் சிதைத்துவிடும்.

உங்களுக்குக் கதை சொன்ன பெரியவரிடம் திரும்பப் போய், ஆவணத்தில் கிடைத்ததைக் காட்டுங்கள். பழைய வரைபடத்தைப் பார்த்ததும் "இங்கேதான் எங்க வீடு" என்று விரலை வைப்பார்கள், முதல் முறை சொல்லாததெல்லாம் அப்போதுதான் வரும். அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லுங்கள், மின்விசிறி வேகத்தைக் குறையுங்கள், கருவியை மேசைமேல் வைக்காமல் ஒரு துணிமேல் வையுங்கள். தொடக்கத்தில் அவர் பெயர், தேதி, இடம் ஆகியவற்றை நீங்களே சொல்லிப் பதிவு செய்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. பதிவை இரண்டு இடங்களில் சேமித்து, ஒரு பிரதியை அந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிடுங்கள்.